மூன்றாம் பருவத்துத் தாள்

(பொறியியல் பட்டப்படிப்பின் தேர்ச்சி விதிகள், பட்டமளிப்பு விதிகள் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கிச் செப்பம் செய்தது.)



ஒரு கணித ஆசிரியையின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. பொருளை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். கட்டுமானப் பொறியியல் கற்பித்தவன் என்பதால் பாலத்தையோ அணையையோ பற்றிப் பேசுவேன் என்று நீங்கள் வந்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது வேறு. பொறியியல் மாணவர் இருவர் சந்தித்தால் "எந்த காலேஜ்?" என்று கேட்பார்கள், அடுத்த கேள்வி "எந்த ரெகுலேஷன்?" என்பதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2008, 2013, 2017, 2021 என்று ஆண்டுப் பெயரோடு வழங்கும் அந்த விதிமுறைகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். யார் அடுத்த பருவத்துக்குப் போகலாம், யாருக்குப் பட்டம், யாருக்கு எந்த வகுப்பு என்பதையெல்லாம் முடிவு செய்பவை அந்தச் சில பக்கங்கள். பாடத்திட்டம் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பக்கங்களுக்காக நடந்த ஒரு கூட்டத்தில்கூட உட்கார்ந்த நினைவு எனக்கு இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், காலவரம்பு முடிந்துபோனவர்களுக்காக நடத்தப்பட்ட சிறப்பு வாய்ப்புத் தேர்வு ஒன்றில் பணியில் இருந்தேன். அன்று கண்காணிப்புக்கு ஆள் குறைவு. ஓர் அறையில் நானே நின்றேன். ஹால் டிக்கெட்டில் உள்ள படத்தையும் ஆளின் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது வரிசையில் ஒருவரிடம் வந்து நின்றேன். படத்தில் இருந்தது அரும்பு மீசை வைத்த பையன். எதிரில் இருந்தவருக்கு நாற்பதை நெருங்கும் வயது, காதோரம் நரை, நெற்றிக்கு மேலே தூக்கிவிட்ட கண்ணாடி. நான் தயங்கியதைப் பார்த்து, "நான்தான் சார். தாடிய எடுத்துட்டு வந்திருக்கணும்" என்றார். பிறகு பழைய கால்குலேட்டர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அதில் ஏழாம் எண்ணும் எட்டாம் எண்ணும் தேய்ந்து அழிந்திருந்தன. அவர் எழுத வந்தது மூன்றாம் பருவத்துக் கணிதம். மாணவர்கள் 'எம்-3' என்று சொல்லும் தாள்.

தேர்வு முடிந்து விடைத்தாளைக் கொடுக்கும்போது, பதினைந்து வருடமாகக் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்து வருவதாகச் சொன்னார். இந்தத் தாளில் வரும் ஃபூரியர் தொடரைச் சொல்லி, "ஃபூரியர் எங்கயுமே வரல சார்" என்றார். அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. கணிதம் வேலையிடத்தில் வெளியே தெரியாமல் வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அன்று முழுக்க என்னை உறுத்தியது வேறொன்று. மூன்றாம் பருவத்தில் இந்தத் தாள் நின்றுபோனது. அதற்குப் பிறகு ஐந்து பருவங்கள் அவரை வகுப்பில் உட்காரவைத்தோம், செய்முறை நடத்தினோம், ப்ராஜெக்ட் வைவா வாங்கினோம், வழியனுப்பினோம். எந்த இடத்திலும் யாரும் அவரை நிறுத்தி, "இந்தக் கணக்கு உனக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்கவில்லை. கேட்கச் சொல்லி எந்த விதியும் இல்லை.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். நம் விதிமுறைகள் இடைவழியில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதில்லை. கேட்காமல் விட்டதற்கான விலையைக் கடைசியில், பட்டத்திலும் வகுப்பிலும், மாணவரிடமிருந்து மொத்தமாக வாங்கிக்கொள்கின்றன.

1. 'அரியர்' என்ற சொல்

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். அரியர் என்றால் பாக்கி. வாடகை பாக்கி, வரி பாக்கி என்பதுபோலத் தாள் பாக்கி. 'ஃபெயில்' என்ற சொல் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடுகிறது. கல்லூரியில் "ரெண்டு அரியர் இருக்கு" என்கிறோம், சென்னைப் பையன்கள் "கப்பு" என்கிறார்கள். பிள்ளையை அவமானப்படுத்தாத சொல் என்ற வகையில் எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் பாக்கி என்று பெயர் வைத்துவிட்டால் பாக்கியைப் போலவே நடத்தத் தொடங்கிவிடுவோம். பாக்கியைத் தள்ளிப்போடலாம், சேர்த்துவைத்து ஒரேயடியாகத் தீர்க்கலாம். வீட்டிலும் அப்படித்தான் கேட்கிறார்கள்: "இன்னும் எத்தனை இருக்கு?" எந்தப் பாடம், அதில் எது புரியவில்லை என்று கேட்கும் வீட்டை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். எண்ணிக்கையைக் கேட்கும் பழக்கம் வீட்டுக்கு எங்கிருந்து வந்தது? விதிமுறையும் எந்தப் பாடம், எது புரியவில்லை என்று கேட்பதில்லை.

2. அடுத்த பருவத்துக்குப் போவது

நான்கு ஆண்டுப் படிப்பில் எட்டுப் பருவங்கள். ஒரு பருவத்திலிருந்து அடுத்ததற்குப் போகவிடாமல் மாணவரை எது தடுக்கும்? 2013 விதிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று வருகைப் பதிவு. 75 விழுக்காடு வேண்டும். 65க்கும் 75க்கும் நடுவில் இருந்தால் மருத்துவச் சான்றோ விளையாட்டுச் சான்றோ காட்டி 'கண்டோனேஷன்' என்ற விலக்குக் கட்டணம் கட்டித் தப்பிக்கலாம். 65க்குக் கீழே போனால் அந்தப் பருவத்தை மறு ஆண்டு மறுபடி படிக்க வேண்டும். இன்னொன்று தேர்வுப் பதிவு. நடப்புத் தாள்களுக்கும் அரியர் தாள்களுக்கும் கட்டாயம் பதிவுசெய்ய வேண்டும். பதிவுசெய்யாதவர் மேற்பருவத்துக்குப் போக முடியாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உட்கார்ந்திருந்தாயா என்று கேட்கிறோம், பணம் கட்டிப் பெயர் கொடுத்தாயா என்று கேட்கிறோம். தெரிந்துகொண்டாயா என்பது மட்டும் மேலே போவதற்கான நிபந்தனையாக இல்லை. பன்னிரண்டு தாள் நின்றாலும் பதிவுசெய்திருந்தால் போகலாம்.

இதன் விளைவை என் துறையிலிருந்தே காட்டுகிறேன். பொறியியல் விசையியல், அதன்மேல் பொருள் வலிமை, அதன்மேல் கட்டமைப்புப் பகுப்பாய்வு, அதன்மேல் ஆர்.சி.சி. (கம்பி வைத்த கான்கிரீட்) வடிவமைப்பு: இவை நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியவை. இரு முனையிலும் தாங்கப்பட்ட உத்திரத்தின் மீது சீரான பளு இருந்தால், நடுவில் வளைவுத் திருப்புமை 'டபிள்யூ எல் ஸ்கொயர் பை எட்டு'. எங்கள் துறையில் இதைத் தூக்கத்திலும் சொல்வார்கள். ஆனால் அந்த உத்திரத்தில் கீழ்ப்பக்கம் இழுபடும், அதனால் கம்பி கீழே. சன்ஷேடு, பால்கனி போல ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிற்கும் பலகையில் மேல்பக்கம் இழுபடும், அதனால் கம்பி மேலே. இது சூத்திரத்தை மனப்பாடம் செய்து வருவதல்ல. வளைவுத் திருப்புமைப் படத்தைக் கையால் வரைந்து வரைந்து வர வேண்டும். பொருள் வலிமையில் அரியர் வைத்திருக்கும் மாணவர் மூன்றாம் ஆண்டில் என் ஆர்.சி.சி. வகுப்பில் உட்கார்ந்திருப்பார். நான் கரும்பலகையில் பால்கனிக்குக் கம்பியை மேலே வரைவேன். அவரும் அப்படியே நோட்டில் வரைந்துகொள்வார். ஏன் மேலே என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமலே ஆர்.சி.சி. தாளில் அவர் தேறிவிடவும் முடியும். போடப்போகும் பால்கனியின் கீழே நிற்கப்போகிறவர்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

அதற்காகக் கதவை இழுத்து மூடு என்று நான் சொல்ல வரவில்லை. கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது: நான்கு தாளுக்கு மேல் நின்றால் அடுத்த ஆண்டுக்குப் போக முடியாது. அங்கே 'இயர் பேக்' என்பார்கள். ஓராண்டு என்பது விடுதிக் கட்டணம், கல்விக் கடன், வேலைக்குப் போகக் காத்திருக்கும் ஒரு வீடு. நான்கு என்ற எண்ணிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. சுற்றுச்சூழல் அறிவியலும் தொழில்முறைத் தகவல் தொடர்பும் சேர்த்து ஐந்து தாளை விட்டவர் நிறுத்தப்படுவார். விசையியலையும் பொருள் வலிமையையும் மட்டும் விட்டவர் கட்டமைப்புப் பகுப்பாய்வுக்குப் போய்விடுவார். எண்ணிக்கையால் அங்கே தடுக்கிறார்கள், எண்ணிக்கையைக்கூடப் பார்க்காமல் இங்கே விடுகிறோம். எந்தத் தாள் எதற்கு அடித்தளம் என்பதை இரண்டு இடத்திலும் விதி பார்க்கவில்லை.

2017 விதிமுறை இதில் ஒரு முயற்சி செய்தது. நின்ற தாளை அது மறுபடி நடத்தப்படும் பருவத்தில்தான் எழுத முடியும் என்று வந்தது. அதாவது எந்தப் பருவத்துத் தாளானாலும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், விதி தளர்ந்தது. அவர்கள் எதிர்த்தது நியாயம் என்றே நான் கருதுகிறேன். காத்திருக்கச் சொன்ன ஓராண்டில் அந்தப் பாடத்தை யார், எப்போது, எங்கே வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு நடைமுறையில் பதில் இருக்கவில்லை. கற்பித்தலில்லாத காத்திருப்பு தண்டனைதான்.

3. நாற்பத்து நான்கும் நாற்பத்தைந்தும்

தேர்ச்சி என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2013 விதிமுறையில் உள்மதிப்பீடு 20, பருவத் தேர்வு 80. வினாத்தாள் 100க்கு, அதை 80க்குச் சுருக்குவார்கள். மொத்தத்தில் 50 வேண்டும், பருவத் தேர்வில் மட்டும் குறைந்தது 45 விழுக்காடு வேண்டும்.

ஒரு மாணவி உள்மதிப்பீட்டில் 20க்கு 20 வாங்கியிருக்கிறார். பருவத் தேர்வில் 100க்கு 44. சுருக்கினால் 35.2, மொத்தம் 55.2. தேறவில்லை. இன்னொரு மாணவர் உள்மதிப்பீட்டில் 14, பருவத் தேர்வில் 45. சுருக்கினால் 36, மொத்தம் சரியாக 50. தேறிவிட்டார். மொத்தத்தில் ஐந்து மதிப்பெண் கூடுதலாக வாங்கியவரிடம் அரியர், குறைவாக வாங்கியவரிடம் தேர்ச்சி.

இந்த 45 எதற்கு? உள்மதிப்பீட்டின்மேல் பல்கலைக்கழகத்துக்கு முழு நம்பிக்கை இல்லை என்பதால்தான். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அவரவர் கையால் போடும் மதிப்பெண்ணை மட்டும் நம்பிப் பட்டம் கொடுக்க முடியாது என்ற எச்சரிக்கை. அது சரிதான். இதே அவநம்பிக்கை இன்னொரு பக்கத்திலிருந்தும் விதிக்குள் எழுதப்பட்டிருக்கிறது; அந்த வரியை எழுதியவரை நான் மனதாரப் பாராட்டுவேன். முதல் முறை பெற்ற உள்மதிப்பீடு அப்படியே நிற்கும்; ஆனால் மூன்றாவது முயற்சியிலிருந்து, அதைச் சேர்த்து மாணவர் தேறாவிட்டால், பருவத் தேர்வில் மட்டும் 50 விழுக்காடு வாங்கினால் போதும். உள்மதிப்பீட்டில் 5 போடப்பட்ட மாணவர் முதல் இரண்டு முறையும் 100க்கு 57 வாங்கினால்தான் தேற முடியும். மூன்றாம் முறை 50 போதும். ஆசிரியர் ஒருவரின் கோபம் மாணவரை இரண்டு தேர்வுக்கு மேல் துரத்தக் கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். 2021 விதிமுறையில் கருத்தியல் தாள்களுக்கு உள்மதிப்பீட்டின் பங்கு 40 ஆகிவிட்டது. ஆசிரியர் கையில் இருப்பது இப்போது இரண்டு மடங்கு.

பிரிட்டனில் இந்த எல்லைக்கோட்டு மதிப்பெண்ணை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். அங்கே தேர்ச்சி பெரும்பாலும் 40. ஒரு பாடத்தில் சிறிது குறைந்தாலும் மற்ற பாடங்களின் தரத்தை வைத்து அதை ஈடுகட்டித் தேர்ச்சி தர பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. பொறியியலுக்கு மட்டும் அவர்களின் இன்ஜினியரிங் கவுன்சில் கடிவாளம் போட்டிருக்கிறது. 360 கிரெடிட் கொண்ட இளநிலைப் பட்டத்தில் 30 கிரெடிட்டுக்கு மேல் இப்படி ஈடுகட்டக் கூடாது. அந்த மதிப்பெண்ணும் தேர்ச்சி எல்லைக்கு 10 புள்ளிக்கு மேல் கீழே இருக்கக் கூடாது. பாலமும் விமானமும் கட்டப்போகிறவருக்குக் கருணை வேண்டும், அந்தக் கருணைக்கு அளவும் வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டார்கள். நம் விதிமுறையில் அப்படி எழுதிவைத்த வாசல் இல்லை. 44 என்றால் 44தான். அந்த மாணவி மறுபடி பணம் கட்டி, மறுபடி முழுத் தாளையும் எழுத வேண்டும்.

அடித்தளத் தாள்களில் ஈடுகட்டல் கூடாது என்பதில் நான் கடுமையானவன். பொருள் வலிமையில் 44 வாங்கியவர் மறுபடி எழுதத்தான் வேண்டும். நிர்வாகவியலில் 44 வாங்கியவருக்கு ஒரு வாசல் திறந்தால் எந்தப் பாலமும் விழுந்துவிடாது.

4. முதல் முறை

இனி வகுப்பு. சிறப்புடன் முதல் வகுப்பு பெற மொத்தத் தரப்புள்ளி சராசரி 8.50 வேண்டும். நல்ல எல்லை. கூடவே இன்னொரு நிபந்தனையும் உண்டு: எட்டுப் பருவத்துத் தாள்கள் அனைத்தையும் முதல் முறையிலேயே தேறியிருக்க வேண்டும். சராசரி 9.2 இருந்தாலும் முதல் பருவத்தில் ஒரு தாள் நின்றிருந்தால் அந்தச் சிறப்பு கிடையாது.

முதல் பருவத்தில் யார் விழுகிறார்கள்? பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் இயற்பியலும் கணிதமும் படித்துவிட்டு, ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் காலை ஆங்கிலத்தில் உட்கார்ந்தவர்கள். முதல் பட்டதாரிகள். முடுக்கம் தெரியும், அதன் ஆங்கிலப் பெயரைக் கேள்வித்தாளில் கண்டுபிடிக்கத் தெரியாது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சில கல்லூரிகளில் கட்டுமானத்தையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது; மற்றவர்கள் அனைவரும் அந்த முதல் ஆறு மாதத்தைத் தனியாகத்தான் கடக்கிறார்கள். மூன்றாம் பருவத்தில் நிமிர்ந்துவிடுவார்கள். எட்டாம் பருவத்தில் வகுப்பிலேயே முதலாக நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வகுப்பு முடிவாகிவிட்டது, அந்த முதல் டிசம்பரிலேயே. பிரிட்டனின் பல பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மதிப்பெண் வகுப்புக்கான கணக்கில் சேர்வதே இல்லை, தேறினால் போதும். மறுதேர்வு எழுதினால் அந்த ஒரு பாடத்தின் மதிப்பெண்ணைத் தேர்ச்சி எல்லையான 40இல் நிறுத்துவார்கள். ஒரு தடுமாற்றத்தின் விலை அந்தப் பாடத்தோடு முடிந்துவிடுகிறது.

வேலைக்கு ஆளெடுக்க வரும் நிறுவனங்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. "ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது" என்பது ஒன்று, எனக்குப் புரிகிறது. "ஹிஸ்டரி ஆஃப் அரியர் இருக்கக் கூடாது" என்பது இன்னொன்று. தீர்த்துவிட்ட கடனையும் தீராத கடனாகவே எண்ணும் வழக்கத்தை அவர்களுக்கு முதலில் கற்பித்தது நம் விதிமுறைதான்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வகுப்பு ஆலோசகராக இருந்த ஒரு பருவம். நன்றாகப் படிக்கும் பெண், ஐந்து பருவம் வரை ஒரு தாளும் நின்றதில்லை. தேர்வுக்கு முந்தைய நாள் இரவு அவள் அப்பா இறந்துவிட்டார். இரண்டு தேர்வுக்கு வர முடியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவள், "அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கிறேன் சார்" என்றாள். நானும், "எழுதிக்கலாம்மா, கவலப்படாதே" என்று சொல்லி அனுப்பினேன்.

விதிமுறையில் ஒரு வரி உண்டு: தேர்வுக்குப் பதிவுசெய்துவிட்டு வராதவர், வகுப்பைக் கணக்கிடும்போது, தேர்வெழுதியவராகவே கருதப்படுவார். வராத அவள் வந்து தோற்றவளானாள். இன்னொரு வரியும் உண்டு: தக்க காரணம் இருந்தால், படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரே ஒரு பருவத்தில், தேர்விலிருந்து விலகிக்கொள்ள அனுமதி வாங்கலாம், அப்படி விலகியது முயற்சியாகக் கணக்கில் வராது. பத்து நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அசாதாரணச் சூழ்நிலைகளில் அந்தப் பத்து நாள் கெடு இல்லாமலும் பரிசீலிக்கப்படும். அவளுக்காகவே எழுதிவைத்ததுபோல இருந்த அந்தக் கடைசி வாக்கியத்தை நான் படித்தது அவள் பட்டம் வாங்கிப் போன பிறகு. சராசரி 8.50க்கு மேல் இருந்தது. சான்றிதழில் 'முதல் வகுப்பு' என்று மட்டும் இருந்தது. மாணவருக்கு ஆலோசகர் என்று விதிமுறை என்னை நியமித்தது எதற்காக? அந்த வரியை அந்த வாரத்தில் அவளுக்குச் சொல்வதற்காகத்தான்.

அவள் அப்பா பத்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு இறக்கவில்லை. துயரத்தில் இருப்பவர் தானாக வந்து விண்ணப்பித்தால்தான் கிடைக்கும் என்றால், விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே அந்தச் சலுகை போய்ச்சேரும்.

5. ஏழு ஆண்டு

பட்டத்துக்கு ஒரு காலவரம்பு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்தவருக்கு 14 பருவங்கள், டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவருக்கு 12. காகிதத்தில் இது கண்டிப்பான எல்லை. நடைமுறையில் சிறப்பு வாய்ப்பு வந்துகொண்டே இருக்கும். 2021இல் அறிவித்தபோது 2001-02 கல்வியாண்டு வரை பின்னோக்கிப் போனார்கள். வழக்கமான கட்டணத்தோடு கூடுதலாக 5,000 ரூபாய். ஏழு ஆண்டு என்று எழுதிவைத்த வரம்பு இருபது ஆண்டாக நீண்டது.

அந்த வாய்ப்பைக் கொடுத்ததில் எனக்குக் குறையில்லை. நான் பார்த்த அந்த மனிதருக்கு அது கிடைத்ததில் மகிழ்ச்சிதான். கேள்வி வேறு. ஏழு ஆண்டு என்ற எல்லை எதைக் காப்பாற்ற இருக்கிறது? படித்த பாடம் பழசாகிவிடும் என்பது காரணமானால், இருபது ஆண்டுக்குப் பிறகு ஃபூரியர் தொடர் மட்டும் எழுதவைத்து அந்தப் பழமையைப் போக்க முடியாது. அது காரணமில்லை என்றால், எதிர்பார்த்துக் காத்திருக்கும்படி ஒருவரை ஏன் வைத்திருக்க வேண்டும்? அடுத்த அறிவிப்பு எந்த ஆண்டு வரும் என்று தெரியாமல் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்களை நான் அறிவேன்.

விதியை அறிவிப்பு தாண்டிப்போகும் இந்த வழக்கத்தின் உச்சத்தை 2020இல் பார்த்தோம். கொரோனாவால் தேர்வுகள் நின்றிருந்த நேரம். ஆகஸ்டு 26 அன்று தமிழக அரசு, அரியர் தாள்களுக்குக் கட்டணம் கட்டியிருந்தவர்கள் தேர்ச்சி பெற்றதாக அறிவித்தது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஏற்கவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021இல் நீதிமன்றம் அந்தத் தேர்ச்சியை ஏற்க மறுத்துத் தேர்வு நடத்தச் சொன்னது. அன்று கொண்டாடிய மாணவர்களைப் பலரும் கேலி செய்தார்கள். எனக்குக் கேலி வரவில்லை. பெயர் கொடுத்துப் பணம் கட்டினால் மேலே போகலாம் என்று நான்கு ஆண்டும் பழக்கியிருக்கிறோம். பணம் கட்டியவர் தேறிவிட்டார் என்று கேட்டபோது அந்தப் பிள்ளைகளுக்கு அது விசித்திரமாகத் தோன்றாததில் என்ன வியப்பு?

6. நான் கேட்பவை

பல்கலைக்கழகத்தின் கல்விக் குழுவில் இருப்பவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் நேராகவே கேட்கிறேன்.

ஒவ்வொரு துறையிலும் அடித்தளத் தாள்கள் எவை என்று பட்டியல் போடுங்கள். ஐந்தாறுக்கு மேல் வராது. அவற்றில் நின்றவரை ஓராண்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். அதன்மேல் கட்டிய பாடத்தை மட்டும் ஒத்திவையுங்கள், மற்ற பாடங்களோடு அவர் மேலே போகட்டும். நின்ற தாளை மே, ஜூன் விடுமுறையில் ஆசிரியரை வைத்து முறையாக நடத்துங்கள்; அதற்கான சம்பளத்தைக் கல்லூரிகள் கொடுக்கும்படி செய்யுங்கள். தேர்வுக் கட்டணம் வாங்கத் தெரிந்த நமக்கு வகுப்பு நடத்தவும் தெரிய வேண்டும். இதுதான் இருப்பதிலேயே கடினமானது, செலவுள்ளது. இது இல்லாமல் மற்றவற்றைச் செய்வதில் பெரிய பயன் இல்லை.

சிறப்புடன் முதல் வகுப்புக்கான 'முதல் முறை' நிபந்தனையிலிருந்து முதல் இரண்டு பருவத்தையாவது விலக்குங்கள். பொறியியல் பட்டப்படிப்புகளை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014இல் நிரந்தர உறுப்பு நாடானது. படிப்பை முடித்து வெளியே வரும்போது ஒருவருக்கு என்ன செய்யத் தெரிகிறது என்பதே அந்த ஒப்பந்தத்தின் அளவுகோல். பட்டம் வாங்கும் நாளில் தெரிவதை அளக்கிறோம் என்று வெளிநாட்டுக்குச் சொல்லிவிட்டு, பதினெட்டு வயது டிசம்பரில் தெரியாததைச் சான்றிதழில் வைத்திருக்கிறோம்.

பெற்றோர் இறப்பு, பிரசவம், விபத்து ஆகியவற்றில் விண்ணப்பம் கேட்காமல் கல்லூரியே விலகலைப் பதிவுசெய்யட்டும்.

காலவரம்பு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டியவருக்கு எந்த ஆண்டும், அறிவிப்புக்குக் காத்திருக்காமல், எழுதிவைத்த ஒரு வழி இருக்கட்டும். நின்ற தாளோடு, இன்றைய பாடத்திட்டத்திலிருந்து அந்தத் துறையின் அடித்தளத் தாள் ஒன்றையும் எழுதித் தேறினால் பட்டம். பால்கனிக்குக் கம்பி எங்கே போக வேண்டும் என்று நாற்பது வயதிலும் கேட்போம்.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. விதிமுறைகள் ஆங்கிலத்தில், உட்பிரிவு எண்களோடு, பாடத்திட்டத்துக்கு முன்னால் கிடக்கின்றன, யாரும் புரட்டுவதில்லை. அதன் சாரத்தைத் தமிழில் நான்கு பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வருகைப் பதிவு, மூன்றாம் முயற்சி, விலகல், படிப்பு இடைவெளி, காலவரம்பு என்று இருக்கும். விலகல் பற்றிய வரிகளை முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் தங்கள் செலவில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். வாசலுக்கு இடப்பக்கம் மேசையில் அடுக்கியிருக்கிறது. ஆளுக்கு இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்றை விடுதியில் பக்கத்து அறைக்காரரிடம் கொடுங்கள்.